பேஸ்மன்ற் அடுப்பு

அந்த அடுப்பில் இரண்டு வளையங்கள். பின்வளையம் சூடேறாது. முன்வளையத்தில்தான் காலையில் தேத்தண்ணி, மத்தியானம் சோறு, இரவில் புட்டு. புட்டுப்பானை ஏறியிருக்கிற நேரத்தில் பிள்ளைக்குப் பால் காய்ச்ச முடியாது. குழந்தை அழ அழக் காத்திருக்க வேண்டும். ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த முதல் வீடு அது. வீடு என்றால் இன்னொருவர் வீட்டின் நிலக்கீழ்ப் பகுதி. எல்லோரும் சொல்வதுபோல பேஸ்மன்ற்.

பத்தொன்பது வருடம் கழித்து, 2018 தை மாதத்தில் ஓர் இரவு, பாராலீகல் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது அந்த அடுப்பு திரும்பி வந்தது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டம், பிரிவு 5. எந்தெந்த இருப்பிடங்களுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று அடுக்கிச் சொல்லும் பகுதி. வீட்டுச் சொந்தக்காரரோ அவருடைய வாழ்க்கைத்துணை, பிள்ளை, பெற்றோரோ அதே கட்டடத்தில் இருந்து, அவர்களோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துதான் குடியிருப்பவர் இருக்க வேண்டுமென்றால், அவருக்கு இந்தச் சட்டத்தின் காவல் கிடையாது. படித்தவுடன் பேனையை மூடி வைத்தேன். எங்களுக்குத் தனிக் குசினி இருந்தது. ஒற்றை வளையம் மட்டுமே எரிந்த அடுப்பு என்றாலும் அது எங்கள் அடுப்பு. யன்னல் இல்லாத குளியலறையும் எங்களுக்கு மட்டும்தான். அப்படியானால் சட்டம் எங்களோடு இருந்திருக்கிறது.

1999 ஒக்டோபர் 9, சனிக்கிழமை. நன்றியறிதல் விடுமுறை வார இறுதி என்பதால் திகதி மறக்கவில்லை. வீட்டுக்காரர் படியிறங்கி வந்து, கதவடியில் நின்றபடியே சொன்னார். மகளுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது, பிள்ளையள் கீழேதான் இருக்கப்போகினம், இரண்டு கிழமையில் எடுத்துத் தாருங்கோ என்று. மரியாதையாகத்தான் சொன்னார். நானும் என் கணவரும் தலையாட்டினோம். கட்டிலில் இருந்த என் ஐயா மட்டும் கேட்டார்:

"எழுத்தில தருவியளோ, தம்பி?"

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. அவர் மேலே போனதும் நான் ஐயாவோடு சண்டை பிடித்தேன். "இது கனடா, ஐயா. உங்கட நொத்தாரிசுக் கந்தோர் இல்லை. எழுத்துக் கேட்டால் மனிசர் என்ன நினைப்பினம்?" ஐயா ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரத்தில் சாமான்களைக் கட்டினோம். அடுத்த இரண்டு மாதம் ஒரு சிநேகிதர் வீட்டு வரவேற்பறையில் ஐந்து பேரும் படுத்தோம். பிள்ளைக்கு ஒரு வயது.

எழுத்து இல்லாமல், கையொப்பம் இல்லாமல் சொன்ன அந்த இரண்டு வாரம் சட்டத்தின் கண்ணில் ஒன்றுமேயில்லை. அன்று நடைமுறையில் இருந்த 1997ஆம் ஆண்டுச் சட்டமும் எழுத்திலான அறிவித்தலைத்தான் கேட்டது. இன்றைய சட்டத்தில் அது பிரிவு 43. வீட்டை அடையாளம் காட்ட வேண்டும், முடிகிற திகதி இருக்க வேண்டும், கொடுப்பவர் கையொப்பமிட வேண்டும். காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் இன்னொன்றையும் சட்டம் வற்புறுத்துகிறது: நீ வெளியேறாவிட்டால் நான் வீட்டுக்காரர்-குடியிருப்பவர் வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பித்தால் அங்கே வந்து நீ மறுத்துப் பேசலாம் என்பதை வீட்டுக்காரர் கொடுக்கும் அந்தக் கடதாசியே குடியிருப்பவருக்குச் சொல்ல வேண்டும். எதிராளியின் உரிமையை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவனோடு வழக்காட வேண்டும். இந்தப் பிரிவை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

இதில் மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வாடகை உடன்பாடு வாய்ச்சொல்லாக இருந்தாலும் அது உடன்பாடுதான். சட்டத்தின் வரைவிலக்கணமே அப்படிச் சொல்கிறது. ஆகவே வாய்ச்சொல்லில் வீடு எடுக்கலாம். வாய்ச்சொல்லில் குடியெழுப்ப முடியாது. எழுத்தில் கொடுத்துவிட்டாலும் பூட்டை மாற்ற வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. வாரியத்தின் கட்டளை வேண்டும். கட்டளையோடு வந்து கதவைத் திறப்பதும் ஷெரிஃபின் வேலை.

அமெரிக்காவில் பாராலீகல் என்றால் பெரும்பாலும் வழக்கறிஞர் ஒருவரின் கீழ் வேலை செய்கிறவர். ஒன்ராறியோவில் அப்படியல்ல. 2007 மே மாதத்திலிருந்து சட்டச் சங்கம் பாராலீகல்களுக்கும் உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்துகிறது. உரிமம் பெற்றவர் தன் பெயரில் கந்தோர் திறக்கலாம். சிறு கோரிக்கை நீதிமன்றம், வீட்டுக்காரர்-குடியிருப்பவர் வாரியம், போக்குவரத்துக் குற்றங்கள், அகதி வாரியம் ஆகிய இடங்களில் கட்சிக்காரருக்காக நின்று பேசலாம். கல்லூரிப் படிப்பு, 120 மணி நேரக் களப்பயிற்சி, பிறகு தேர்வு. பகலில் ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, மாலையில் கல்லூரிக்குப் போனேன். தேர்வு எழுதும்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

தேர்வு திறந்த புத்தகத் தேர்வு. சட்டச் சங்கம் தருகிற பாடப்பகுதிகளை அச்சடித்து மண்டபத்துக்குள் கொண்டுபோகலாம். லேசு என்று நினைத்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு மனிதருக்கு நேர்ந்ததைச் சொல்லி, நான்கு விடைகளைத் தரும். இரண்டு விடைகள் சரிபோலவே இருக்கும். பக்கம் புரட்டித் தேட நேரம் போதாது. எந்தக் கருத்து எங்கே கிடக்கிறது என்பது முதலே தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஒரு சொற்சுட்டி செய்தோம். மகள் கணினியில் தட்டச்சு செய்தாள், நான் பக்க எண் சொன்னேன். நடத்தை விதிகளுக்கு இளஞ்சிவப்பு ஒட்டுத்தாள், சாட்சியத்துக்கு மஞ்சள், வாடகைச் சட்டத்துக்குப் பச்சை. பச்சைப் பகுதிதான் முதலில் கிழிந்தது.

எனக்கு ஆங்கிலச் சொல் மனதில் ஒட்டாது. ஆகவே சுட்டிக்குப் பக்கத்தில் ஐயாவின் சொற்களை எழுதினேன். வழக்காளி, எதிராளி, அழைப்பாணை, சத்தியக் கடதாசி. ஐயா சாவகச்சேரியில் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட்டால்தான் செல்லும். ஒப்பந்தப் பாடத்தில் ஒன்ராறியோவின் மோசடித் தடுப்புச் சட்டத்துக்கு வந்தபோது அதே குரல் கேட்டது: காணி பற்றிய ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். இரண்டுக்கும் வேர் 1677இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டம். ஐயாவின் மேசைக்கும் என்னுடைய மேசைக்கும் ஒரே ஊற்றிலிருந்து தண்ணீர் வந்திருக்கிறது.

காணி உறுதி முடிப்பதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கையொப்பம் வைப்பதற்கு முன்னால் உறுதியை முழுவதும் வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். விற்பவர் ஒரு கிழவி. வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, வேலிப் பங்கு, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் என்று ஐயா வாசித்துக்கொண்டு போக, "எனக்கு இதெல்லாம் தெரியும் தம்பி, கைநாட்டை வைக்கட்டே" என்று அவசரப்பட்டார் கிழவி. ஐயா நிற்பாட்டவில்லை. கிணற்றுப் பங்கு வந்த இடத்தில் கிழவி திடீரென்று, "கிணத்தில எனக்கு எத்தினை பங்கெண்டு போட்டிருக்கு?" என்று கேட்டார். எழுத்தில் பிழை இருந்தது. அன்று உறுதி முடியவில்லை. திருத்தி எழுதி, அடுத்த கிழமைதான் முடித்தார்கள்.

கட்சிக்காரரின் இரகசியம் பற்றிய விதிகள் எனக்குப் பாடமாகவே தெரியவில்லை. ஐயா கொண்டுவரும் தோல்பையைக் காட்டி, "இண்டைக்கு ஆற்றை உறுதி?" என்று அம்மா கேட்பார். "பைதான் என்னுடையது. உள்ளுக்கிருக்கிறது என்னுடையதில்லை" என்பார் ஐயா. தேர்வில் இரண்டு கருத்துகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். ஒன்று சட்ட ஆலோசனைக்காகப் பேசிய பேச்சை நீதிமன்றமே கேட்டாலும் வெளியிடச் சொல்ல முடியாது என்கிற சிறப்புரிமை. அது சாட்சியச் சட்டத்தைச் சேர்ந்தது, வரம்பு குறுகியது. மற்றது இரகசியக் காப்பு. அது நடத்தை விதியைச் சேர்ந்தது, அகலமானது. ஒருவர் உங்களிடம் வந்தார் என்பதைக்கூட வெளியே சொல்லக்கூடாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த எங்கள் சமூகத்தில் இந்த இரண்டாவதுதான் கடினம். கோயில் வீதியில் கட்சிக்காரரைக் கண்டால் அவர் முதலில் சிரிக்கும்வரை நான் சிரிப்பதில்லை.

குற்றப் பகுதியில் ஒரு வழக்கு என்னைக் கவர்ந்தது. ஒன்ராறியோவின் சூ செயின்ற் மேரி நகரசபை, குப்பை அகற்ற ஒரு நிறுவனத்தை அமர்த்தியது. குப்பைக் கிடங்கிலிருந்து ஓடைக்குள் அழுக்கு இறங்கியது. குற்றம் நகரசபையின் தலையிலா? 1978இல் கனடிய உச்ச நீதிமன்றம் குற்றங்களை மூன்று வகையாகப் பிரித்தது. மனதறிந்து செய்ததை அரசதரப்பு நிரூபிக்க வேண்டிய குற்றம் ஒன்று. செய்தது நிரூபிக்கப்பட்ட பின், தக்க கவனம் எடுத்தேன் என்று காட்டித் தப்பக்கூடிய குற்றம் இரண்டாவது. எந்தச் சாட்டும் எடுபடாத குற்றம் மூன்றாவது. வேகமாக ஓட்டியது மூன்றாவது வகை. மீற்றர் பழுது, எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பயனில்லை. எங்கள் ஆட்கள் நீதிமன்றத்தில் நின்று அரைமணி நேரம் சொல்லும் நியாயங்கள் எத்தனையோ இந்த ஒரு பிரிவினையில் அடிபட்டுப் போகின்றன. முதலே யாராவது சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பார்கள்.

காலவரையறைப் பாடத்தில் பல நாள் நின்றுவிட்டேன். ஒன்ராறியோவில் பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இரண்டு வருடம். நட்டத்தை அறிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான ஒருவர் அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். பதினைந்து வருடம் கடந்தால் அறிந்தாலும் அறியாவிட்டாலும் பொதுவாகக் கதவு அடைபடும். இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக்குப் பத்து வருடம் சொல்கிறது. வேறொருவர் உங்கள் காணியை உங்களுக்கு எதிராக, இடையூறில்லாமல் பத்து வருடம் ஆண்டால் அது அவருக்கு உரித்தாகலாம். ஐயாவுக்கு இது மனப்பாடம். 1995இல் போரினால் இடம்பெயர்ந்த பிறகு எங்கள் காணிக்குள் யார் யாரோ இருந்தார்கள். ஸ்காபரோவில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஐயா விரல் விட்டு எண்ணுவார். 2005 ஆனபோது எண்ணுவதை நிறுத்திவிட்டார். 2009 மாசியில் காலமானார்.

2016இல் இலங்கைப் பாராளுமன்றம் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தை நிறைவேற்றியது. போரினால் தன் உரிமையைத் தேடி நீதிமன்றம் வர முடியாதிருந்தவருக்கு, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையிலான காலம் கணக்கில் சேராது என்றது அந்தச் சட்டம். வர முடியாதவனுக்கு எதிராக மணிக்கூடு ஓடக்கூடாது என்ற ஒரே எண்ணம். வயது வராதவர், மனநலம் குன்றியவர் விடயத்தில் ஒன்ராறியோச் சட்டத்திலும் அதே எண்ணம் உண்டு. நான் தேர்வெழுதிய பின்னர், 2020இல், பெருந்தொற்றின்போது, மார்ச் 16இலிருந்து செப்ரெம்பர் 13 வரை ஒன்ராறியோ தன் மணிக்கூட்டையே நிறுத்தி வைத்தது. தேர்வுக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை. ஆனால் நான் காலவரையறைப் பக்கத்தில் ஐயாவின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.

நிர்வாகச் சட்டம் கடைசிப் பாடமாக வந்தது. அதில்தான் எங்கள் சொந்தக் கதையின் முன்பகுதி இருந்தது.

1998இல் எங்கள் அகதிக் கோரிக்கை விசாரிக்கப்பட்டது. சின்ன அறை. வாரிய உறுப்பினர் மேசைக்கு அந்தப்பக்கம், மொழிபெயர்ப்பாளர் என் பக்கத்தில். முழு முற்பகலும் கேட்டார்கள். இடையில் நான் அழுதபோது உறுப்பினர் பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் வரும்வரை காத்திருந்தார். ஐயா தோல்பையிலிருந்து காணி உறுதியின் பிரதியை எடுத்துக் கொடுத்தார். அதைக் கொண்டு நாங்கள் எந்த ஊரவர் என்பது உறுதியானது. அந்த அறை எல்லா அகதிகளுக்கும் எப்போதும் திறந்திருந்தது என்றுதான் அன்று நினைத்தேன்.

திறந்திருக்கவில்லை. 1985க்கு முன்பு ஓர் அதிகாரி கேள்வி கேட்டுப் பதிவெடுப்பார். அந்தத் தாள்களைப் பார்த்து, கோரியவரின் முகத்தையே காணாத வேறொருவர் முடிவு சொல்வார். ஏழு பேர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். சிங் வழக்கு, தீர்ப்பு 1985 ஏப்ரல் 4. தீர்ப்பில் பங்கேற்ற ஆறு நீதியரசர்களும் கோரியவர்கள் பக்கமே முடிவு சொன்னார்கள். மூன்று பேர் உரிமைச் சாசனத்தின் வழியில், மூன்று பேர் பழைய உரிமைகள் சட்டத்தின் வழியில். ஒருவர் சொல்வது உண்மையா என்பதே கேள்வியாக இருக்கும்போது அவரை நேரில் இருத்திக் கேட்காமல் முடிவெடுப்பது நீதியல்ல என்பதே நீதியரசர் பேர்த்தா வில்சன் எழுதியதன் சாரம். கனடாவில் அந்த நாளை அகதி உரிமை நாளாக நினைவுகூர்கிறார்கள். அந்த ஏழு பேரையும் நான் அறியேன். அவர்கள் போயிருக்காவிட்டால் எனக்காக யாரும் பேனையைக் கீழே வைத்திருக்க மாட்டார்கள்.

ஒரே பாடம், இரண்டு பகுதி: உனக்கு எதிரானது என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும், முடிவெடுக்கும் முன் நீ சொல்வதைக் கேட்க வேண்டும். 1998இல் இந்த உரிமை எங்களைக் காப்பாற்றியது. அடுத்த வருடம் அதே உரிமை பேஸ்மன்ற் வாசலிலும் இருந்தது. அகதி வாரியத்தில் எங்களுக்கு ஒரு சட்டத்தரணி இருந்தார், பேஸ்மன்றில் இருக்கவில்லை. ஐயா இருந்தார். ஐயாவை நான் அடக்கினேன்.

தேர்வுக்கு இரண்டு கிழமை முன்னால் என்-12 படிவத்தை அச்சடித்தேன். வீட்டுக்காரரோ அவருடைய பிள்ளையோ வந்து குடியிருக்க வேண்டும் என்றால் கொடுக்கும் அறிவித்தல் அது. படிவத்தை நிரப்பிப் பழகினால் விதி மனதில் நிற்கும் என்பது என் வழக்கம். கற்பனைப் பெயர் போட மனம் வரவில்லை. எங்கள் பெயர்களைப் போட்டேன், அந்தப் பழைய முகவரியைப் போட்டேன். அறிவித்தல் கொடுத்த நாள்: 1999 ஒக்டோபர் 9. குறைந்தது 60 நாள் வேண்டும். அது டிசம்பர் 8. ஆனால் வாடகைக் காலத்தின் கடைசி நாளில்தான் முடியலாம். ஆகவே டிசம்பர் 31. 2018இல் இருந்த சட்டப்படி, மகளுக்காகத்தான் என்றால் அவள் குறைந்தது ஒரு வருடமாவது அங்கே இருக்கும் உண்மையான எண்ணம் வேண்டும்; 2017 செப்ரெம்பரிலிருந்து ஒரு மாத வாடகையும் நட்டஈடாகத் தர வேண்டும். கையொப்ப இடத்தை வெறுமையாக விட்டேன்.

அம்மா சோபாவில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். பக்கத்தில் போய் இருந்து படிவத்தைத் தமிழில் வாசித்தேன். முகவரி, திகதி, காரணம். பிறகு இரண்டாம் பக்கம். இதில் எழுதியிருப்பதற்கு நீங்கள் உடன்படாவிட்டால் வெளியேற வேண்டியதில்லை. வீட்டுக்காரர் வாரியத்துக்கு விண்ணப்பித்தால் விசாரணை நடக்கும். அங்கே உங்கள் பக்கத்தைச் சொல்லலாம்.

அம்மாவின் கை கீரையில் நின்றது.

"இது அந்த நாளிலயும் இருந்ததோ?"

"இப்படி ஒண்டு இருந்தது, அம்மா."

"ஐயா கேட்டவரெல்லே."

"ஓம். கேட்டவர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஆய்ந்த கீரையைச் சுளகின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "அந்த ரெண்டாம் பக்கத்தைத் திருப்பி வாசி, பிள்ளை. ஆறுதலா" என்றார்.

முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.